ஊமையான ஸ்டீல் கிட்டார் மீண்டும் பாடுமா?

மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் ஓர் எஃகுக் கட்டையை வழுக்கியபடி வாசிக்கும் கருவிதான் ஸ்டீல் கிட்டார். பெயரைப் பார்த்து அதன் உடலே எஃகு என்று எண்ணிவிடாதீர்கள். 'ஸ்டீல்' என்பது இடக்கையில் பிடிக்கும் அந்தக் கட்டையைக் குறிக்கிறது. இந்த வாசிப்பு முறை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் இதை வளர்த்தெடுத்தார் என்பர். நம் கோட்டுவாத்தியத்தையும் தந்தி மேல் கட்டையை நகர்த்தித்தான் வாசிக்கிறார்கள்.

இசைக்குழுக்கள் பெரிதானபோது மடிக்கிட்டாரின் ஒலி மற்றக் கருவிகளின் ஓசையில் அமுங்கிப் போனது. அதற்குத் தீர்வாக, 1931இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் மின்சார ஸ்டீல் கிட்டாரை வடிவமைத்தார். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது! மறு ஆண்டே அது அலுமினிய உடலுடன் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937இல்.

இப்படிப்பட்ட பழைய கருவி ஒன்று உங்கள் கைக்கு வந்து, அது ஒலிக்கவில்லை என்றால் என்ன செய்வது? பலர் முதலில் தேய்த்துக் கழுவத் தொடங்குகிறார்கள். அங்கேதான் கருவி பாழாகிறது. முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிக்கப் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். தந்திக்கு அருகே ஒரு காந்தமும், மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய கம்பிச்சுருளும் இருக்கும். காந்தம் எஃகுத் தந்தியையும் சிறு காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது கம்பிச்சுருள் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுதான். 1831இல் ஃபாரடே கண்டறிந்தது. நைலான் தந்தியைப் பூட்டினால் பிக்கப்பிலிருந்து ஒலியே வராது. காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம்.

அந்தச் செம்புக் கம்பி தலைமுடி அளவே தடிமன் கொண்டது. ஓரிடத்தில் அறுந்தாலும் பிக்கப் ஊமைதான். ஆனால் பழைய கருவி மௌனமானதற்குச் சுருள் அறுந்ததுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். கிட்டாரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்காமல், கேபிளை மட்டும் செருகி, ஒலியளவுக் குமிழை முழுவதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் மின்தடையை அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் நலம். லட்சக்கணக்கில் காட்டினால் சுருள் அறுந்திருக்கலாம். மீட்டர் குமிழின் மின்தடையை மட்டுமே காட்டுகிறது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால், எங்கோ இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. எதுவுமே காட்டவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஜாக் துளையில் ஈயப்பற்று விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் கவலை வேண்டாம். அதனுள் கரிப்பூச்சு கொண்ட பாதை மீது ஓர் உலோக நாக்கு நகர்கிறது. இடையில் அழுக்கு சேர்ந்திருக்கும். மின்கருவிக் கடையில் கிடைக்கும் தொடர்புமுனைத் தூய்மிப்பானைச் சிறிது தெளித்து, இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றி வினிகரில் ஊறவைக்கலாம். அசெட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். பின்னர் நன்றாகக் கழுவி, உலர்த்தி, துளி எண்ணெய் தடவ வேண்டும். முலாம் பூசிய பாகங்களை மட்டும் வினிகரில் போடாதீர்கள். சமையலறை இரும்பு நாரைக் கிட்டாரின் பக்கமே கொண்டுவர வேண்டாம். உதிரும் இரும்புத் துகள்கள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை எடுப்பதற்குள் சுருளே அறுந்துவிடலாம். பழைய வண்ணப்பூச்சைத் தேய்த்து எடுத்து, புதிதாக அடிப்பதும் வேண்டாம் என்பது என் கருத்து. போன பூச்சு திரும்பி வராது.

ஈயப்பற்று வைக்க வேண்டியிருந்தால் பெரியவர் துணையோடு, சன்னல் திறந்த அறையில் செய்யுங்கள், முடித்ததும் கைகழுவுங்கள். பழைய பற்றில் காரீயம் இருக்கும்.

கிட்டாரோடு வால்வு ஆம்ப்ளிஃபயரும் வந்திருந்தால், அதை நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 முதல் 240 வோல்ட். நேராகச் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது. தகுதி பெற்ற மின்பணியாளரிடம் காட்டிய பிறகே அதை இயக்க வேண்டும்.

எல்லாம் சரியாகிப் புதிய தந்திகளைப் பூட்டும்போது ஒரே மூச்சில் முறுக்காமல், ஆறு தந்திகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அலுமினிய உடல் என்றால் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் சுருதி கூட்ட வேண்டாம். சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கூட்டிய சுருதி சற்று நேரத்தில் கலைந்துவிடும். அரைமணி நேரம் கழித்துக் கூட்டுங்கள்.