பருத்தித் தொழிலில் நொதியங்கள்

நெய்தலின்போது பாவிழைகள் அறாதிருத்தற்பொருட்டு அவற்றிற்கு மாப்பொருட் கஞ்சியிடுவர். நெய்தபின் அக்கஞ்சியை நீக்காவிடின் சாயம் துணியிற் செவ்வனே பற்றாது. அமிலத்தால் நீக்கப் புகின், கஞ்சியோடு இழையும் நைதல் கூடும். நொதியமோ தனக்குரிய பொருளையன்றிப் பிறிதொன்றைத் தீண்டாது. 1833ஆம் ஆண்டிற் பிரான்சிய இரசாயன அறிஞரான பாயன், பெர்சோ என்னும் இருவர், மாப்பொருளைச் சிதைக்கும் நொதியத்தை முளைத்த வாற்கோதுமையிலிருந்து பிரித்தெடுத்தனர். அமிலேசு எனப்படும் அவ்வின நொதியம் கஞ்சியைக் கரையச் செய்யும். செலுலோசாலாகிய இழைக்கு ஊறு செய்யாது.

அடுத்து, இழையின் புறத்தேயுள்ள மெழுகையும் பெத்தினையும் போக்கல் வேண்டும். இதற்காகத் துணியை எரிகாரக் கரைசலில் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் அவிப்பது வழக்கம். பெத்தினைச் சிதைக்கும் நொதியம் ஏறத்தாழ 55 பாகையிலேயே தொழிற்படும். பெத்தின் சிதையவே மெழுகும் பிடிப்பிழந்து தளரும். வெளுத்தபின் எஞ்சும் ஐதரசன் பேரொட்சைட்டைப் பன்முறை அலசிக் களையவேண்டியதில்லை. கற்றலேசு என்னும் நொதியம் அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடும். இவற்றால் நீரும் எரிபொருளும் மிஞ்சும். ஆற்றிற் சேருங் காரமுங் குறையும்.

ஆயினும் நொதியங்கள் எல்லாக் குறையையும் தீர்க்கும் மருந்தல்ல. சாயத்தொட்டியிலிருந்து வெளிவரும் உப்பை இவை நீக்கா. அதற்கு வேறு சுத்திகரிப்பு வேண்டும். துணியை மெருகூட்டும் செலுலேசு மிகின் இழையே நலிந்துவிடும். ஆதலின், அளவறிந்து பயன்படுத்துதல் இன்றியமையாதது.