புகைப்படப் போட்டி: பரிசா, பயிற்சியா?

புகைப்படக் கருவியை ஏந்திய நண்பர்கள் பலரும் கேட்பது, போட்டிகளில் கலந்துகொள்வதால் பயனுண்டா என்பதே. 2019இல் துபாயின் ஹம்தான் அனைத்துலகப் புகைப்படப் போட்டியில் மலேசியரான எட்வின் ஓங் வீ கீ 120,000 அமெரிக்க டாலர் வென்றார். அதில் கலந்துகொள்ளக் கட்டணமும் இல்லை. ஆயினும் முதற்பரிசு ஒருவருக்கே. மற்றவர்களுக்குக் கிட்டுவது, எடுத்த நூறு படங்களுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி. அதுவும் இலாபமே.

ஆனால், விதிமுறைகளை வாசிக்காமல் படத்தை அனுப்பாதீர்கள். வென்றாலும் தோற்றாலும், வந்த படங்களை எல்லாம் ஏற்பாட்டாளர் தம் விளம்பரங்களுக்கு என்றென்றும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரி சில போட்டிகளில் இருக்கும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நமக்குத் தந்த உரிமையை நாமே தாரைவார்ப்பது அங்கேதான். தோற்றாலும் படம் நம்முடையதாகவே இருக்குமா? அப்படியானால் துணிந்து கலந்துகொள்வோம்!