விமானம் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடு

உயரே பறக்கும் விமானத்தின் பின்னால் நீளும் வெள்ளைக் கோட்டைப் புகை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது பனித்துகள். இயந்திரம் வெளிவிடும் நீராவி, கூடவே வரும் கரித்துகள்களில் படிந்து, அந்த உயரத்துக் கடுங்குளிரில் உடனே உறைந்துவிடுகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரமே கரைந்துபோகும். ஈரம் மிகுந்த குளிர் அடுக்காக இருந்தால் மணிக்கணக்கில் நின்று, மெல்லிய மேகமாகப் பரவி, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வைபோலத் தடுக்கும். பகலில் கொஞ்சம் வெயிலையாவது திருப்பி அனுப்பும்; இரவில் அந்த ஈடும் இல்லை.

ஆனால் எல்லா விமானங்களும் இதற்குக் காரணமல்ல. ஜப்பான் வான்வெளியை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கு வியக்க வைக்கிறது: இந்தக் கோடுகளால் வரும் வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்கு வெறும் 2.2 விழுக்காடு விமானங்களே காரணம்! அப்படியானால் ஈரமான அந்த அடுக்கைத் தவிர்க்க, அந்தச் சில விமானங்களை மட்டும் 2,000 அடி ஏற்றியோ இறக்கியோ ஓட்டினால் போதுமே?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள், கோடுகள் எங்கே உருவாகும் என்ற கூகுள் ஆய்வாளர்களின் கணிப்பைக் கொண்டு இதை 70 பயணங்களில் செய்து பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, கோடுகள் 54 விழுக்காடு குறைந்தன. விலகிப் பறந்த விமானங்களுக்குக் கூடுதலாகச் செலவான எரிபொருள் 2 விழுக்காடு. கொடுக்கத் தகுந்த விலைதான் அது. கணிப்பு துல்லியமாக இருக்க இப்போதைய பெரிய தேவை, அந்த உயரத்துக் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிகள். மிகச் சில விமானங்களில்தான் இன்று அவை இருக்கின்றன.