பைலைக் காணவில்லை என்று கணனி சொன்னால்...

திறப்பு பூட்டுக்குள் திரும்பவில்லை என்பதற்காகக் கடையையே இடித்துப் புதிதாகக் கட்டுபவர் எவரும் இல்லை. முதலில் திறப்பைப் பார்ப்போம், பிறகு பூட்டுக்கு எண்ணெய் விடுவோம், அதற்கும் சரிவராவிட்டால்தான் பூட்டுக்காரரைக் கூப்பிடுவோம். ஆனால் வீட்டிலுள்ள கணனி விடயத்தில் மட்டும் நம்மில் பலர் எடுத்த எடுப்பிலேயே கடையை இடித்து விடுகிறோம். அப்படி இடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்த வாரம் இதனை எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டு. பகலில் கடையில் எழுதும் கடன் கணக்கை இரவில் வீட்டுக் கணனியில் பதிந்து வைப்பது என் வழக்கம். ஒரு நாள் இரவு கணனியைப் போட்டால், கறுப்புத் திரையில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் நகரவில்லை. மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக் கொண்டு திருத்துமிடத்துக்குப் போனேன். மாலையில் கணனி புதிது போல் வேலை செய்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஹாட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து விண்டோஸை மீண்டும் போட்டிருந்தார்கள். நான்கு வருடக் கடன் கணக்கு போய்விட்டது. எவர் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஞாபகத்தில் இருந்தும், வாடிக்கையாளரின் நேர்மையை நம்பியும்தான் சேகரித்தேன். சிலர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். சிலர் இன்று வரை சொல்லவில்லை.

சில மாதங்களின் பின் அதே வரி மீண்டும் திரையில் வந்தது. மகன் முன்பக்கத்தில் செருகியிருந்த பென் ட்ரைவைக் கழற்றி விட்டு மறுபடியும் போட்டான். கணனி வழமை போல் திறந்தது. அவ்வளவுதான் விடயம். முதல் தடவை திருத்துமிடத்தில் கணனியோடு சேர்த்து அந்தப் பென் ட்ரைவையும் கழற்றிக் கையில் தந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

சிஸ்டம் பைல் என்றால் என்ன?

கணனியைப் போட்டதும் அதன் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் என்ற சிறு புரோகிராம் முதலில் விழிக்கிறது. ஹாட் டிஸ்க், சீடி, பென் ட்ரைவ் என்று ஒரு வரிசைப்படி அது தேடிப் பார்த்து, விண்டோஸைத் தொடக்கி வைக்கும் பைலை அழைக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பைலின் பெயர்தான் என்டிஎல்டிஆர். விஸ்டாவில் இருந்து அதன் இடத்துக்கு பூட் மெனேஜர் வந்தது. அந்த வரிசையில் பென் ட்ரைவ் முன்னால் இருந்தால், பயோஸ் அதற்குள் போய்த் தேடுகிறது. அங்கே அந்தப் பைல் இல்லை, ஆகவே காணவில்லை என்கிறது. ஹாட் டிஸ்க்கில் பைல் பத்திரமாகவே இருக்கும். தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று திரும்புவது போன்றதுதான் இது.

எனவே 'காணவில்லை' என்று கண்டவுடன், அது எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று நேரங்கள் உண்டு.

முதலாவது, விண்டோஸ் அடையாளம் தோன்றும் முன்பே கறுப்புத் திரையில் வருவது. இது தொடக்கும் பைல் அல்லது ஹாட் டிஸ்க் தொடர்பானது.

இரண்டாவது, விண்டோஸ் திறக்கத் தொடங்கி நடுவில் நிற்பது. இது விண்டோஸின் சொந்தப் பைல்கள் பழுதடைந்ததால் வருவது.

மூன்றாவது, விண்டோஸ் நன்றாகத் திறந்து, ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறக்கும் போது மட்டும் ஏதோ ஒரு டிஎல்எல் பைலைக் காணவில்லை என்பது. டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பொதுவாகப் பாவிக்கும் பைல். ஒரே தராசைப் பக்கத்துக் கடைக்காரர்கள் மூவர் பாவிப்பது போல. ஒருவர் கடையை மூடும் போது தராசையும் எடுத்துச் சென்றால் மற்ற இருவருக்கும் வேலை நின்றுவிடும்.

பைல்கள் ஏன் காணாமற் போகின்றன?

நம் நாட்டில் முதற் காரணம் மின்சாரம். விண்டோஸ் எழுதிக் கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் பைல் அரைகுறையாகிவிடும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு நீடித்த காலத்தை எவரும் மறந்திருக்க முடியாது. இரண்டாவது, ஹாட் டிஸ்க் வயதாகித் தேய்வது. மூன்றாவது வைரஸ். நான்காவது, வைரஸைப் பிடிக்க வைத்த காவற்காரனே தவறு செய்வது. 2010 ஏப்ரலில் மெக்அபீ நிறுவனத்தின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான எஸ்விசிஹோஸ்ட் பைலை வைரஸ் என்று கருதி ஒதுக்கியதால் பல நாடுகளில் கணனிகள் முடங்கின. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஒரு பைல் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை நிறுத்தியதாக மைக்ரோசொப்ட் கணித்தது. அங்கே பைல் காணாமற் போகவில்லை, கெட்ட பைல் ஒன்று வந்து சேர்ந்தது. அதை அழித்த பிறகே கணனிகள் எழுந்தன.

ஐந்தாவது காரணம் நாமேதான். 2001இலும் 2002இலும் மின்னஞ்சலில் ஒரு புரளி பரவியது. கரடிப் பொம்மை அடையாளத்துடன் ஒரு பைல் உங்கள் கணனியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் அறிவியுங்கள் என்றது 2002இல் வந்தது. உண்மையில் அது விண்டோஸுடன் வந்த பைல். நல்லெண்ணத்தில் அழித்தவர்கள் பலர். இன்று இத்தகைய புரளிகள் வட்ஸ்அப்பில் வருகின்றன. வழி மாறியிருக்கிறது, ஏமாறும் விதம் மாறவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

கறுப்புத் திரையில் செய்தி வந்தால், முதலில் அதை அப்படியே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பிறகு பென் ட்ரைவ், வெளி ஹாட் டிஸ்க், மெமரி கார்ட், சீடி அனைத்தையும் கழற்றி விட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் பயோஸுக்குள் ஹாட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் கோளாறு பைலில் அல்ல, வயரில் அல்லது டிஸ்க்கில் உள்ளது. டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி விடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் மிஞ்சியதும் போய்விடும்.

விண்டோஸ் நடுவில் நின்றால், விண்டோஸ் 10, 11 ஆகியவை சில தடவைகள் தோற்ற பின் தாமாகவே திருத்தும் பகுதிக்குள் செல்லும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்' என்பதை முதலில் கொடுங்கள். பிறகு 'சிஸ்டம் ரெஸ்டோர்'. 'ரீசெட்' என்பதைக் கடைசிக்கு வையுங்கள். அதில் 'என் பைல்களை வைத்திரு' என்று தெரிவு செய்தாலும், நாம் போட்ட புரோகிராம்கள் அகற்றப்படும். உங்கள் பில் புரோகிராம் தன் கணக்குகளை எந்தப் போல்டரில் வைத்திருக்கிறது என்று அறியாமல் அதை அழுத்த வேண்டாம்.

விண்டோஸ் திறந்தும் அடிக்கடி கோளாறு காட்டினால், கொமான்ட் ப்ரொம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, எஸ், எப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் கொடுங்கள். விண்டோஸ் தன் பைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பழுதானவற்றுக்குப் பதில் தன்னிடமுள்ள நல்ல பிரதியைப் போடும். இருப்பு எடுப்பது போன்ற வேலை. சற்று நேரம் எடுக்கும், இடையில் நிறுத்த வேண்டாம்.

டிஎல்எல் செய்தி வந்தால், அந்தப் பெயரை இணையத்தில் தேடி, கண்ட தளத்தில் இருந்தெல்லாம் இறக்க வேண்டாம். யார் செய்ததென்று தெரியாத திறப்பை வீட்டுப் பூட்டுக்குப் போடுவது போன்றது அது. அந்தப் புரோகிராமை அகற்றி, அதை வாங்கிய இடத்தின் மூலப் பிரதியில் இருந்து மீண்டும் போடுங்கள். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 போன்ற பெயர்கள் என்றால், மைக்ரோசொப்ட்டின் சொந்தத் தளத்தில் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் காட்டி உடனே அழையுங்கள் என்று வந்தால் அது மோசடி. விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி இலக்கம் இருக்காது.

திருத்தக் கொடுக்கும் போது

இதற்கு மேல் நமக்குச் சரிவராவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. கொடுக்கும் போது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: 'என்னைக் கேட்காமல் போர்மட் செய்ய வேண்டாம். முதலில் பைல்களைப் பிரதி எடுக்கவும்.' விண்டோஸ் திறக்காவிட்டாலும், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி வேறொரு கணனியில் இணைத்துக் கணக்குகளை எடுக்கலாம். இதை அன்று எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிய கணனிகளில் டிஸ்க் பிட்லொக்கர் மூலம் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்குரிய 48 இலக்கத் திறப்பை முன்பே எடுத்து எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் எந்தத் திருத்துபவராலும் உள்ளே போக முடியாது.

பழைய பில் புரோகிராமுக்காக இன்னும் எக்ஸ்பியை வைத்திருப்போரும் உண்டு. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவுக்கு 2025 ஒக்டோபர் 14. அத்தகைய கணனியில் கணக்கு வைத்திருப்பவர் பிரதி எடுப்பதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் போனால் மீண்டும் போடலாம். கணனி போனால் புதிது வாங்கலாம். நாம் எழுதிய கணக்கைத் திருப்பித் தர மைக்ரோசொப்ட்டாலும் முடியாது. இரவில் கல்லாப் பணத்தை எண்ணாமல் கடை மூடுவோமா? அது போல, அன்றைய கணக்கை ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வேறிடத்தில் வைத்து விட்டு உறங்கப் போங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பியதற்குக் கொடுத்த விலை நான்கு வருடக் கடன் கொப்பி.