நாட்டை விட்டுப் போகிறவர்கள்: ஒரகடத்திலிருந்து ஒரு கேள்வி

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேச என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. அவர் நடத்திய 'பறையன்' இதழைப் பற்றியும் வட்டமேசை மாநாட்டைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். அவர் வாழ்க்கையில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. சுமார் இருபது ஆண்டுகள் அவர் இந்த நாட்டில் இல்லை. கடல் கடந்து போனார், திரும்பி வந்தார். அந்தப் போக்குவரத்தை வைத்துக்கொண்டு இன்றைய ஒரகடத்தைப் புரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் என் பேச்சு.

கேள்வி

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சுற்றுவட்டாரத்துக்கு உலகமே வேலை கொண்டுவந்திருக்கிறது என்கிறார்கள். கொரியாக் கார், ஜப்பான் கார், ஜெர்மன் லாரி, தைவான் நிறுவனம் பூட்டித்தரும் கைபேசி எல்லாம் இங்கே தயாராகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். அதே நேரத்தில் இந்த ஆலைகளின் மதில் தெரியும் தூரத்தில் இருக்கும் காலனிகளில், ஐடிஐ முடித்த பையன்கள் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு துபாய்க்கும் கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் ஏஜென்ட் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கிறார்கள். வேலை வீட்டு வாசலுக்கே வந்த பிறகும் இவர்கள் ஏன் போகிறார்கள்?

பட்டிமன்ற மேடைகளில் இதற்குத் தயாராக இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, பண ஆசை. இன்னொன்று, சொந்த நாட்டின் மேல் பற்று இல்லை. இரண்டும் போகிறவனின் குணத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவன் விட்டுப்போகும் இடம் எப்படி இருக்கிறது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

தாய்நாட்டின் மீது அதிருப்தி என்ற சொல்லையே நாம் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தாய்நாடு ஒன்று கிடைத்து, அது போதவில்லை என்று நினைப்பவருக்கு வருவது அதிருப்தி. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த பாபாசாகேப் அம்பேத்கர், தனக்குத் தாய்நாடே இல்லை என்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் அங்கிருந்தும் விரட்டப்பட்டார். அந்த அனுபவத்துக்குப் பக்கத்தில் அதிருப்தி என்பது மிகவும் மெல்லிய சொல்.

மிராசும் கப்பலும்

இப்போது நாம் தொழில் வழித்தடம் என்று சொல்லும் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலம். இங்கே மிராசு முறை ஆழமாக வேர்விட்டிருந்தது. கிராமத்து நிலத்தின் மீது மிராசுதார்களுக்குப் பரம்பரை உரிமை. தரிசு நிலம் கேட்டு வெளியார் யார் மனுப் போட்டாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே. சேரி இருந்த மனைக்கட்டும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. கூலி அதிகம் கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்கு ஒரு குடும்பம் தலைமுறையாகப் படியாளாக உழைத்தது. 1843-இல் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய பிறகும் கடனும் மனைக்கட்டும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்தன.

இந்தச் சூழலில்தான் கப்பல் வந்தது. மொரிசியசுக்கு 1834 முதல் ஆள் போனது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். பர்மாவுக்கும் கோலார் தங்கவயலுக்கும் நம் மக்கள் போனார்கள். கடல் தாண்டினால் சாதி கெடும் என்று சாத்திரம் சொன்னது. கெடுவதற்குச் சாதி மேன்மை எதுவும் இல்லாதவர்களை அந்தப் பயம் தடுக்கவில்லை.

அங்கே போய்ச் சுகமாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்தின் சவுக்கும் தேயிலைத் தோட்டத்தின் கடனும் நமக்குத் தெரியும். இலங்கையில் தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் முதலாளிக்குத்தான் ஆள் மாறலாம். அந்த முறை 1921-இல்தான் ஒழிந்தது. ஆனாலும் கப்பல் ஒன்றை மாற்றியது. பண்ணையை விட்டுப் போக இன்னொரு இடம் இருக்கிறது என்று படியாளுக்குத் தெரிந்தது. அது பண்ணையாருக்கும் தெரிந்தது.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மனைக்கட்டுக்கு உரிமை, பள்ளி, விவசாய நிலம் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010-ஆம் எண் அரசாணையின் வழியே கிடைத்தவைதான் பஞ்சமி நிலங்கள். பஞ்சமி நிலத்தின் வரலாறு இந்த மாவட்டத்தில் தொடங்குகிறது என்பதை இங்குள்ள இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

தாத்தா போனதும் திரும்பியதும்

இதே மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் 1859-இல் பிறந்தவர் சீனிவாசன். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1900-இல் இங்கிலாந்து போகும் எண்ணத்துடன் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் அங்கேயே தங்க ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்த காலம் அது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே அந்த வரி நீங்கியது.

1921-இல் அவர் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் பொது இடங்களிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930-இல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். வெளிநாடு போய்த் திரும்பியவர் சொந்த வசதியைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் பொதுச் சாலையில் நடக்கும் உரிமையைக் கேட்டார்.

அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்குக் கோலாரிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் வாசகர்கள் இருந்தார்கள். அன்னை மீனாம்பாள் சிவராஜ் பிறந்தது ரங்கூனில். நம் இயக்கத்தின் முதல் தலைமுறையை எடுத்துப் பாருங்கள். வெளியே போன உழைப்பும் வெளியே ஈட்டிய பணமும் அதில் கலந்திருக்கின்றன.

வெளியேற்றமும் குரலும்

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூல் ஒன்று சமூகவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் அமைப்பின் மீது மனக்குறை உள்ளவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர். விட்டுப் போகலாம் அல்லது உள்ளே இருந்து குரல் எழுப்பலாம். போவது சுலபமானால் குரல் மங்கும் என்பது அவர் கருத்து. கேள்வி கேட்கக்கூடியவர்கள்தான் முதலில் போய்விடுவார்கள் அல்லவா? பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் 1989 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, வெளியேற்றமும் குரலும் ஒன்றையொன்று வளர்க்கவும் கூடும் என்று அவரே எழுதினார்.

நம் வரலாறு அந்த இரண்டாவது கருத்தின் பக்கம் நிற்கிறது. சேரியில் குரல் எழுப்பினால் குடிசை போகும். போக இடம் இருந்தவனுக்கே பேச வாய் இருந்தது. வெளியேறும் வழிதான் நம் குரலைத் திறந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போனவர் திரும்பி வரவும், திரும்பியவர் நிற்க ஒரு பிடி நிலமும் இருக்க வேண்டும்.

ஆலை வந்த ஊர்

இந்த அளவுகோலோடு ஒரகடத்துக்கு வருவோம். ஆலைக்கு நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. அந்த நிலத்தில் நடவும் களையும் அறுப்பும் செய்து பிழைத்தவர்களிடம் காட்டுவதற்குப் பட்டா இல்லை. விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதும் சட்டம் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஒரகடத்தில் ஆலைகள் எழுந்துவிட்டன. அதன் பிறகும், தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு அந்த மத்தியச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்கு தரப்பட்டது. கூலிக்காரர் எத்தனை பேர் பிழைப்பு இழக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது.

சரி, ஆலையில் வேலை? உள்ளூர் ஆள் என்றால் சங்கம் வைப்பான், வம்புக்கு வருவான் என்று கம்பெனிகள் ஒதுக்குகின்றன என்பது காலனிகளில் நான் ஓயாமல் கேட்கும் பேச்சு. உள்ளே போனவர்களும் பயிற்சியாளராக, ஒப்பந்தத் தொழிலாளராகப் போகிறார்கள். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி பழகுநர் 'தொழிலாளர்' அல்ல. அவர் அதே லைனில், அதே ஷிப்டில், நிரந்தரத் தொழிலாளி பூட்டும் அதே போல்ட்டைப் பூட்டலாம். பயிற்சிக் காலம் முடிந்தால் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இருபது வயதில் ஒரு கம்பெனி, இருபத்திரண்டில் இன்னொரு கம்பெனி, இருபத்தைந்தில் "வயசு தாண்டிப் போச்சு தம்பி" என்ற பதில். காலனிப் பையனுக்குத் தெரிந்த தொழில் வாழ்க்கை இதுதான்.

முதலாளியின் வெளியேற்றத்தை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு 2021-இல் மூடும் முடிவை அறிவித்தது. அதை 'வணிக முடிவு' என்று எழுதுகிறார்கள். வேலை இழந்த தொழிலாளி விமானம் ஏறினால் நாட்டுப்பற்றைச் சோதிக்கிறார்கள்.

குரல் எழாமலும் இல்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்காகப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யவே 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்து பேசுவதற்கு இவ்வளவு விலை என்றால், பையன்கள் வெளியே பார்ப்பதில் என்ன வியப்பு?

போகிற இடத்தில்

போகிற இடமும் சொர்க்கம் இல்லை. அன்று கங்காணி கொடுத்த முன்பணம், இன்று ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கும் கடன். பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது என்பது விதி. காலனிகளில் விசாரித்துப் பாருங்கள், லட்சங்களில் பதில் வரும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் போனவருக்குச் சம்பளம் வராவிட்டால் காட்டுவதற்கு ஒப்பந்தமே இருக்காது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் தமிழர் 7 பேர்.

சாதியும் கூடவே பயணம் செய்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டிவந்தது என்றால், அங்கே அது இருக்கிறது என்றுதானே பொருள்? படிக்கப் போகிறவர்களுக்கும் கதவு பாதிதான் திறக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு குறித்த ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022-இல் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. போய்ப் படி, ஆனால் உன் ஊரைப் பற்றிப் படிக்காதே என்பதுதான் அதன் பொருள்.

திரும்ப வழியில்லாத வெளியேற்றம் என்ன ஆகும் என்பதற்கு மலையகம் சாட்சி. தலித் சாதிகளிலிருந்து பெருமளவில் போன தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையை 1948-இல் இலங்கை பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் இரு பிரதமர்களும் பங்கிட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

நாம் என்ன கேட்க வேண்டும்

போகாதே என்று ஒரு பையனிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நம் தாத்தாவே போனவர். விரும்பிப் போகவும், ஏமாறாமல் போகவும், திரும்பி வந்து நிற்கவும் முடிய வேண்டும். அதற்குச் சில கோரிக்கைகளை இந்த மேடையில் வைக்கிறேன்.

ஒன்று, இந்த வழித்தடத்து வட்டங்களில் 1892 முதல் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் சர்வே எண் வாரியாக வெளியிடப்பட வேண்டும். ஆலைக்கும் மனைப்பிரிவுக்கும் போனது எவ்வளவு என்பது தெரிய வேண்டும். இதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணைப் போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

இரண்டு, அரசின் நிலமும் சலுகையும் பெறும் ஆலைகள், நிலம் இழந்த ஊர்களின் கூலிக் குடும்பங்களுக்கு நிரந்தர வேலையில் பங்கு தர வேண்டும். பயிற்சி என்ற பெயரில் நிரந்தர வேலையை ஓட்டுவது நிற்க வேண்டும்.

மூன்று, பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியலும் கட்டண வரம்பும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அது காலனிக்கு வந்து முகாம் நடத்தட்டும்.

நான்கு, நமக்கு நாமே செய்ய வேண்டியது. போனவர்களோடு தொடர்பை விடக் கூடாது. அன்று ரங்கூனிலிருந்தும் நேட்டாலிலிருந்தும் 'தமிழன்' இதழுக்குச் சந்தா வந்தது. இன்று தோஹாவின் தொழிலாளர் முகாமில் இருக்கும் நம் தம்பியை மன்ற உறுப்பினராக்க ஒரு கைபேசி போதும்.

ஊர் மறுத்த நிலத்தையும் மரியாதையையும் தேடித்தான் நம்மவர்கள் கடல் தாண்டினார்கள். அதைக் கொடுக்காமல் பற்றை மட்டும் கேட்க இந்த நாட்டுக்கு நியாயமில்லை.

ஜெய்பீம்.