கண் கற்பதும் கை கற்பதும்

பால்மரம் வெட்டுவதைப் படம் பார்த்தே கற்றுவிட முடியுமா? பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பதைக் கைதான் அறியும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிஞ்சினால் மரம் காயப்படும்.

மருத்துவக் கல்வியும் அப்படித்தான். எலும்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றின் அமைப்பைக் கற்பிப்பது உடற்கூற்றியல். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஜோகூர் இஸ்கண்டார் புத்ரியிலுள்ள நியூகாசல் மருத்துவப் பல்கலைக்கழகம் உட்பட உயர்கல்விக் கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்துக்கு மாறின.

இதில் நன்மை உண்டு. புரியாத பாடத்தை மறுபடி கேட்கலாம். இதயத்தின் படத்தை எப்பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். குறையும் உண்டு. படத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். உண்மை உடலில் இப்படி நிறம் பிரிந்திராது. ஆளுக்கு ஆள் அமைப்பும் சற்று மாறும். தொட்டுப் பார்த்தே அதை அறிய வேண்டும். அதனால்தான், இறந்தபின் கல்விக்காக உடலை ஈந்தவர்களை மலாயாப் பல்கலைக்கழகம் 'மௌன ஆசான்' என்று மதிக்கிறது.

பெற்றோர்களே! பிள்ளை கைப்பேசியில் பாடம் கேட்டால் அமைதியான இடம் கொடுங்கள். செய்முறை வகுப்பைத் தவறவிடாதே என்றும் சொல்லுங்கள். நாளை நோயாளியின் நாடி பார்க்கப்போவது அந்தக் கைதான்.