நாற்பதைத் தாண்டிய வலது கார்னர்

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த மலையூர்த் தம்பி போனை நீட்டினார். "அமெரிக்காவுல டாம் பிராடின்னு ஒருத்தர் 45 வயசு வரைக்கும் ஆடியிருக்காரு. எப்படிண்ணே? எனக்கு 33தான் ஆவுது. அதுக்குள்ள கபடியை விட்டுடுன்னு ஊர்ப் பசங்க சொல்றானுங்க."

ஆற அமரப் பேச வேண்டிய விஷயம். இன்னொரு டீ சொன்னேன்.

அமெரிக்க ஃபுட்பாலில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. பெரும்பாலான முறை பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். எதிராளிகள் பாய்ந்து அவரைச் சாய்ப்பதற்குள் யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். பிராடி அந்தக் குவார்ட்டர்பேக்தான். வேகமாக ஓடுபவர் அல்ல. 2000-இல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 198 பேருக்குப் பிறகுதான் அவரை எடுத்தார்கள். ஆனால் எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்தே அடுத்து என்ன வரும் என்று கணித்துவிடுவார். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 7 முறை வென்றார். ஏழாவதை வென்றபோது வயது 43.

"நம்ம பக்கம் அப்படி யாருண்ணே?"

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோதே அவருக்கு 39 வயது. அவர் ஆடிய இடம் வலது கார்னர்.

ஏழு காலி கிளாஸ்களைப் பெஞ்சில் வளைவாக அடுக்கினேன். ஓரத்துக் கிளாஸ்தான் கார்னர். பாடி வரும் ரைடருக்கு 30 விநாடி. கார்னர் முந்திப் பாய்ந்தால் அவர் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடிவிடுவார். பிந்தினால் பிடி நழுவும். போனஸ் கோட்டுக்கு நீளும் கால் தரையில் ஊன்றுகிறதே, அந்த நொடியில் கணுக்கால் சிக்க வேண்டும். சிக்கியதும் பக்கத்து ஆள் வந்து விழ வேண்டும். இல்லையென்றால் ரைடர் பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். இதற்குக் கால் வேகத்தைவிடக் கண்ணும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும். அவை ஆட ஆடத்தான் வரும்.

2016-இல் பாட்னா பைரேட்ஸின் கேப்டன் சேரலாதன், வயது 41. அந்த அணியின் பெரிய ரைடர் பர்தீப் நர்வாலுக்கு 19. பாட்டு அவருக்கு, பிடி இவருக்கு. இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். 2019-இல், 44 வயதில், ஹரியானா அணிக்குக் கேப்டன். லீக்கில் எந்த ஊர்ப் பையனுக்கும் அவர் 'அண்ணா'தான். நம் தமிழ்ச் சொல்லை வடக்கத்திப் பிள்ளைகளின் வாயில் ஏற்றியவர் அவர் என்பதில் எனக்குப் பெருமை.

தம்பி ஓரத்துக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் கார்னர்தாண்ணே."

"அப்படின்னா முட்டியைப் பத்திரமா பார்த்துக்கோ. பக்கத்துல கை கோத்து நிக்கிற பையன் எப்ப வந்து விழணும்னு நீதான் அவனுக்குச் சொல்லித் தரணும். அது அவனுக்குப் பழகுற வரைக்கும் கையை விடாதே."